பழைய காரின் உதிரிபாகப் பெட்டியில் அளவை அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய்தான் கட்டணம். 2022 ஏப்ரலில் அதை 5,000 ரூபாய் ஆக்கினார்கள். 2023இல் அந்தத் தொகையைக் கட்டித்தான் என் வண்டியைப் புதுப்பித்தேன். பசுமை வரி தனி. கட்டியதில் எனக்கு வருத்தமில்லை. வண்டியைப் பார்த்து, இன்னும் 5 ஆண்டு ஓட்டலாம் என்று அரசே சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த வண்டிக்குப் பொருந்தும் தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்து என்ஜின் தண்ணீருக்கு வழி திறக்கும் வால்வு) எது, அந்தத் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டரின் மூடி எது என்று கடையில் கேட்டால், பெட்டியைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

என்னுடையது 1998ஆம் ஆண்டு மாருதி 800, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டி. ஏலக்காய் வியாபாரம். போடியிலிருந்து பூப்பாறையில் இருக்கும் அக்கா தோட்டத்துக்கு அடிக்கடி ஏறி இறங்குகிறேன். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இரண்டாவது கியரிலேயே பெரும்பாலும் போக வேண்டும். என்ஜின் முழு பாரத்தில் உழைக்கும், வண்டியோ மெதுவாக நகரும், முன்னால் காற்று போதாது. விசிறியும் தண்ணீரும்தான் என்ஜினைக் காப்பாற்ற வேண்டும். சமவெளியில் ஓடும்போது தெரியாத குறையெல்லாம் எட்டாவது வளைவில் தெரிந்துவிடும்.

கடையில் "மாருதி 800" என்று கேட்பதே போதாது. 1983 முதல் 2014 ஜனவரி வரை அந்தப் பெயரில் வண்டி வந்தது. பெரும்பாலானவற்றில் இருப்பது எஃப்8பி என்ற 796 சிசி என்ஜின். முதலில் கார்புரேட்டர், பிறகு பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கும் எம்பிஎஃப்ஐ முறை. இடையில் 12 வால்வு கொண்ட எஃப்8டி என்ஜினோடும் 800 விற்றார்கள். அதுவும் 796 சிசிதான், ஆனால் சிலிண்டர் ஹெட்டே வேறு. பழைய ஆல்டோவில் இருப்பதும் அந்த எஃப்8டிதான். ஆம்னியில் இருப்பது எஃப்8பிதான் என்றாலும் அது முன்சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது. 800இல் அதே என்ஜின் முன்பக்கம் குறுக்காக நிற்கிறது. அப்படியென்றால் தண்ணீர் ஹோஸ் (ரப்பர் குழாய்) இரண்டுக்கும் ஒரே வளைவில் இருக்க முடியுமா? எனக்குக் கொடுத்த ஹோஸின் அட்டையில் "மாருதி 800 / ஆம்னி / ஆல்டோ" என்று மூன்றையும் சேர்த்து அச்சடித்திருந்தார்கள்.

அது கீழ் ஹோஸ். ரேடியேட்டரின் அடியிலிருந்து தண்ணீரை வாட்டர் பம்ப் இழுக்கும் பாதை. இழுக்கும் பக்கம் என்பதால் ரப்பர் மெத்தென்று இருந்தாலோ, வளைவு பொருந்தாமல் மடிந்தாலோ, என்ஜின் வேகம் பிடிக்கும்போது ஹோஸ் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஓட்டம் குறையும். வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது, ஆனால் சூட்டு முள் ஏறிக்கொண்டே போகும். கிளிப்பை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. பழைய ஹோஸையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது உள்விட்டமே வேறு என்று தெரிந்தது. அந்த விட்டத்தை மில்லிமீட்டரில் அட்டையில் போட எவ்வளவு மை செலவாகிவிடும்?

தெர்மோஸ்டாட் கதை இதைவிட மோசம். என் பழைய தெர்மோஸ்டாட்டில் 82 என்று பொறித்திருக்கிறது. 82 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கும் என்று பொருள். புதிதாக வாங்கியதில் ஒரு எண்ணும் இல்லை, பெட்டியிலும் இல்லை. வீட்டில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் காயவைத்து, வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் போட்டுப் பார்த்தேன். புதியது 76 தாண்டும்போதே வாயைத் திறந்துவிட்டது. மெக்கானிக் தம்பி நல்ல வேலைக்காரர்தான். ஆனால் அவரும், "தெர்மோஸ்டாட்டையே கழட்டிப் போட்டிருவோம்ணே, அப்புறம் சூடே ஏறாது" என்றார். ஊரெங்கும் இதே வைத்தியம்தான் நடக்கிறது. அதை எடுத்துவிட்டால் சமவெளியில் என்ஜின் சரியான சூட்டுக்கே வராது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் சேர்ந்து சகதியாகும். சரியான எண் போட்ட பாகம் கைக்குக் கிடைத்தால் எந்த மெக்கானிக்கும் இப்படிச் செய்யச் சொல்லமாட்டார்.

ரேடியேட்டர் மூடியைப் பெரும்பாலோர் வெறும் மூடியாகவே நினைக்கிறார்கள். அது ஒரு அழுத்த வால்வு. என் வண்டியின் மூடியில் 0.9 என்று இருக்கும், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம். அந்த அழுத்தம் குறையாமல் இருந்தால் உள்ளே இருக்கும் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. 0.5இல் திறக்கும் மூடியைப் போட்டால் 111 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் இந்த அளவும் இன்னும் இறங்கும். மலைப்பாதைக்காரனுக்கு இந்த ஏழு டிகிரி பெரிய விஷயம். மூடி வாய்க்குள் சரியாக உட்கார்ந்து திருகிவிட்டது என்பதால் அது பொருந்திய மூடி ஆகிவிடாது. இத்தனைக்கும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் 1990களிலேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்சுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. இந்தத் தொழில் நம் மண்ணுக்குத் தெரியாதது அல்ல. நல்ல சரக்கு செய்யத் தெரிந்த இடத்தில் அழுத்த எண் போடாத மூடிகளும் குவியலாக விற்கின்றன. வாங்குகிறவனுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை.

புதிய சட்டம் எதுவும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் இருக்கின்றன. தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை எல்லாம் பொட்டலத்தின்மேல் இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. பொருளுக்கு அளவு முக்கியம் என்றால் அந்த அளவையும் குறிப்பிட வேண்டும் என்று அதே விதிகளில் இருக்கிறது. ஹோஸுக்கு உள்விட்டத்தைவிட முக்கியமான அளவு என்ன? அதோடு தெர்மோஸ்டாட்டுக்குத் திறக்கும் வெப்பநிலை, மூடிக்கு அழுத்தம், எல்லாவற்றுக்கும் என்ஜின் குறியீடு, இவ்வளவையும் தயாரிப்பாளர்கள் தாமாகவே சேர்த்து அச்சிடலாம். "800க்குச் சேரும்" என்பதற்குப் பதில் "எஃப்8பி, கார்புரேட்டர்" என்று எழுதினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கார் நிறுவனங்களும் உற்பத்தி நிறுத்திய மாடல்களின் பாக எண் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைக்கலாம். அந்த எண் கையில் இருந்தால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ மதுரையிலோ தொலைபேசியிலேயே கேட்டு வாங்கிவிடலாம். பொருந்துமோ பொருந்தாதோ என்று பஸ் ஏற வேண்டியதில்லை.

அதுவரை என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் பழையதை மெக்கானிக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அதில் பொறித்த எண்தான் உங்களுக்கு இருக்கும் ஒரே ஆதாரம். துரு ஏறி இருந்தால் தேய்த்து, செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

தமிழ்நாட்டில் எடையளவு விதிகளை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. ஆய்வாளர்கள் சந்தையில் தராசையும் எடைக்கல்லையும் சோதிக்க வரும்போது, பக்கத்துத் தெரு உதிரிபாகக் கடைக்குள்ளும் போய் நான்கு ஹோஸ் அட்டைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏலக்காய் வியாபாரி ஒருவர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.