அந்த 170 வெள்ளி

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். தீபாவளிக்கு நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து முறுக்கு விற்ற கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய். ஆளுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) பங்கு. பாக்கெட் 5 வெள்ளி என்று 60 பாக்கெட், வரவு 300. செலவு 130. லாபம் 170, பங்குக்கு 17 வெள்ளி. கீழே மூன்று கைதட்டும் பொம்மை வேறு.

நானும் கைதட்டினேன். அப்புறம் இரண்டு நாளாக அந்தக் கணக்கே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே. நம் மலேசியச் சுங்கை சிப்புட்டில் பள்ளியில் படிவம் 4, 5 படித்துக்கொண்டே எதையாவது விற்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

முறுக்கு சுட்ட இரண்டாம் நாள் ராத்திரி நான் வீட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ஹாலில் காற்றாடிக்குக் கீழே நீங்கள் நாலு பேர் பாக்கெட்டில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே அக்கா, அதாவது உன் அம்மா, தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த அதே சட்டையோடு அடுப்பு முன்னால் நின்று பிழிந்துகொண்டிருந்தார். ஒரு ஈடு எண்ணெயில் போட்டதும் அச்சைக் கீழே வைத்துவிட்டு வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொள்வார். முறுக்கு வாசனையையும் தாண்டிக் கோடாலித் தைலம் மூக்கில் ஏறியது. அப்படி மூன்று ராத்திரி, ராத்திரிக்கு நாலு மணி நேரம்.

உன் செலவுப் பட்டியலை மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். மாவு இருக்கிறது, எள் இருக்கிறது, பிளாஸ்டிக் பை இருக்கிறது, அக்கா இல்லை.

சரி, நான் ஒரு கணக்குப் போடுகிறேன். இப்போது நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. 12 மணி நேரத்துக்கு 104 வெள்ளி 64 காசு. எண்ணெய் ஆறு பாக்கெட், 15 வெள்ளி என்று எழுதியிருக்கிறாய். அது வீட்டுச் சமையலுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்து 2 வெள்ளி 50 காசுக்கு விற்கும் எண்ணெய், மருமகளே. வியாபாரத்துக்கு அதைத் தொடக்கூடாது. போத்தல் எண்ணெய் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை, அந்த வகையில் இன்னும் ஒரு 20 வெள்ளி. கேஸுக்கு ஒரு 10 வெள்ளி என்று வை. கடன் குறிக்கும் அந்தச் சின்ன 555 புத்தகத்தில் பாக்கி என்று எட்டுப் பாக்கெட் எழுதி வைத்திருக்கிறாய், 40 வெள்ளி. வராத காசையும் வரவில் சேர்த்துவிட்டாய். எல்லாவற்றையும் கழித்துப் பார்.

4 வெள்ளி 64 காசு நஷ்டம்.

உன்னை மட்டம் தட்ட இதை எழுதவில்லை. "அஞ்சு வெள்ளிக்கு ஒரு காசு குறைக்க மாட்டோம்" என்று பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு அங்கிளிடம் நீ நின்ற நிற்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்லை.

உன் வயதில் நானும் வியாபாரம் செய்தவன்தான். அப்போது நாங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஈப்போவுக்குப் பஸ் ஏறி, புந்தோங்கில் கச்சாங் பூத்தே, அதாவது கடலை வகைகள், வாங்கி வந்து, சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் நின்று விற்பேன். ஒரு மாதம் 6 வெள்ளி லாபம் என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். பஸ் காசு அப்பா கொடுத்தது. பழைய பேப்பரைக் கூம்பு கூம்பாகச் சுருட்டித் தந்தது அம்மா. அப்பா ரப்பர் பால் பிடிக்கும் மங்கிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மங்கு தொடைக்கிற புள்ளைக்குச் செக்ரோல்ல பேரு இருக்காடா?" என்று மட்டும் கேட்டார். செக்ரோல் என்றால் தோட்டத்து ஆள்களின் பெயர் ஏறும் சம்பளப் பதிவேடு.

அப்போது புரியவில்லை. பள்ளிக்குப் போவதற்கு முன் அப்பாவோடு காட்டுக்குப் போய் மங்கு துடைத்ததும், அம்மா பால் வாளி சுமந்ததும், எல்லாம் அப்பா ஒருவர் பெயரில்தான் ஏறும். எங்கள் கைகளுக்குச் செக்ரோலில் இடம் கிடையாது. அதே வேலையைத்தான் நான் என் கச்சாங் கணக்கில் அம்மாவுக்குச் செய்திருந்தேன்.

உன் கொள்ளுப்பாட்டியிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், அப்போது அமைச்சராக இருந்த நம்ம ஊர்க்காரர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டும் சனங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்க, அந்தக் காசில் சங்கம் தோட்டம் வாங்கியது. பாட்டி தன் பங்குச் சீட்டைச் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார்.

இப்போது நீ சொன்ன அடுத்த திட்டத்துக்கு வருகிறேன். ஆன்லைனில் விற்க, வியாபாரங்களைப் பதியும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் பதிய வேண்டும், 18 வயது ஆகவில்லை, அதனால் அம்மா பெயரில் பதியலாம் என்கிறாய். வருடத்துக்கு 60 வெள்ளிதானே என்கிறாய். 60 வெள்ளி பெரிதில்லை. தனி ஆள் பெயரில் பதிந்தால் கடையின் கடன் முழுக்க அவர் கடன். 18 ஆகாத நீங்கள் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, ஆகவே உங்கள் பத்துப் பேரையும் யாரும் பிடிக்க முடியாது. லாபத்தில் பெயர் இல்லாத அக்காவுக்கு நஷ்டத்தில் மட்டும் பெயர் வருகிறது, பார்த்தாயா?

பதியாதே என்று சொல்லவில்லை. முதலில் பதினோராவது பங்கை அக்கா பெயரில் எழுது. மணிக்கூலியைச் செலவில் போடு. விலை கட்டவில்லை என்றால் 6 வெள்ளிக்கு விற்றுப் பார், இல்லாவிட்டால் நீங்களே ஆள் மாற்றிப் பிழியுங்கள். நாலு பேர் சேர்ந்து சீட்டு ஒட்டும் வேலையா அது?

அப்புறம் அந்த 555இல் பாக்கி எட்டில் ஆறு ஆசிரியர் அறை. மீதி இரண்டு யார் என்று உனக்குத் தெரியும். சனிக்கிழமை வரும்போது என் 10 வெள்ளியைக் கொண்டு வருகிறேன். அதை அக்கா கையில் கொடுத்து, கூலியில் வரவு என்று எழுது. வேண்டாம் என்பார். நீ எழுது.

அன்புடன்,
மாமா