வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: வளர்ப்புத் தந்தையர் பதிவேடும் நிலுவைச் சந்தாவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நேரத்துக்கு வந்திருக்கிற உறுப்பினர்களே, வணக்கம்.

மிகுபுனைவு நாவல்களுக்கென்றே நடந்துவரும் நம் வட்டத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழையால் ஒன்று தள்ளிப்போனது. செயற்குழு தேவைப்பட்டபோது கூடியது. நாற்காலி வாங்கும் தீர்மானம் இன்னும் தீர்மானமாகவே இருக்கிறது. சிறுகதைப் போட்டி நடந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்த ஆண்டின் தலையாய பணி 'வளர்ப்புத் தந்தையர் பதிவேடு'. சென்ற பொதுக்குழுவில் இதைத் தொடங்கியபோது, "டிராகனையும் போரையும் விட்டுவிட்டு யார் பிள்ளையை யார் வளர்த்தார்கள் என்று கணக்கெடுக்க வேண்டுமா?" என்று ஒரு பகுதியினர் கேட்டார்கள். வேண்டும். டிராகன் வருவதற்கு முன்பே கதை ஓடத் தொடங்கிவிடுகிறது. அதை ஓடவைப்பது பெரும்பாலும் பிரபு வீட்டுப் பிள்ளை இன்னொரு பிரபு வீட்டில் வளர்ந்ததுதான்.

இது தத்து அல்ல என்பதை முதலில் பதிவு செய்கிறேன். தத்துப்போன பிள்ளைக்குப் புது வீட்டின் பெயரும் சொத்தும் சேரும். வளர்ப்புக்குப் போன பிள்ளைக்குப் பிறந்த வீட்டின் பெயர்தான், உரிமையும் அங்கேதான். ஒருநாள் திரும்பியாக வேண்டும். இது நாவலாசிரியர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. இடைக்கால அயர்லாந்தின் சட்டங்களில் இதற்கு விரிவான விதிகள் உண்டு. வளர்ப்புக் கட்டணம் தகப்பனின் அந்தஸ்துக்கு ஏற்ப ஏறும். பிரபு வீட்டுப் பையனுக்குக் குதிரையேற்றம், நீச்சல், பலகை விளையாட்டு கற்றுத்தர வேண்டும். பெண்ணுக்குத் தையலும் பூவேலையும். பெண் 14 வயதிலும் பையன் 17 வயதிலும் வீடு திரும்பலாம். வளர்த்தவர் முதுமையில் தளர்ந்தால் அவரைக் காப்பாற்றும் கடமை வளர்ப்புப் பிள்ளைக்கு உண்டு. பாசத்தைச் சட்டம் போட்டு வாங்க முடியாது. ஆனால் பாசம் வளர எத்தனை ஆண்டு வேண்டும் என்று அந்தச் சட்டக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

பதிவேட்டின் அமைப்பு இது. நீளவாக்கில் கோடிட்ட கணக்கு நோட்டு, இரண்டு பக்கமும் சேர்த்து எட்டுக் கட்டம்: கொடுத்த வீடு, வாங்கிய வீடு, வந்த வயது, காரணம், பிள்ளைக்குச் சொல்லப்பட்டது, அந்த வீட்டின் சொந்தப் பிள்ளைகள், திரும்பும் வயது, வளர்த்தவர் கொடுத்த விலை. காரணக் கட்டத்தில் நான்கில் ஒன்றைத்தான் எழுத வேண்டும்: கூட்டணி, அடைக்கலம், பணயம், ஒளிப்பு. இரண்டு பொருந்தினால் முதன்மையானதை எழுதிப் பக்கத்தில் புள்ளி வைக்க வேண்டும். பென்சில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். இந்தக் கடைசி விதி மீறப்பட்டதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏழு கட்டங்களை யாரும் நிரப்பிவிடலாம். எட்டாவதுதான் வேலை. வளர்ப்புத் தந்தைக்கு அன்பு இருந்ததா என்பதை அவர் பேச்சிலிருந்து எடுக்கக் கூடாது, எதை இழந்தார் என்பதிலிருந்து எடுக்க வேண்டும் என்பதே இந்தப் பதிவேட்டின் அடிப்படை. இதை மூன்று கூட்டங்களுக்கு முன்பே சுற்றறிக்கையில் சொல்லிவிட்டேன். படித்தவர்கள் படித்திருப்பார்கள்.

மாதிரிப் பதிவாக ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில் வரும் ஜான் ஆரினை எடுத்துக்கொண்டோம். ஈரி கோட்டையின் பிரபு. அவரிடம் வளர்ந்தவர்கள் இருவர்: ஸ்டார்க் வீட்டு எடார்ட், பராத்தியன் வீட்டு ராபர்ட். காரணம், கூட்டணி. அரசன் ஏரீஸ், எடார்டின் தகப்பனையும் அண்ணனையும் கொன்றுவிட்டு, இந்த இருவரின் தலைகளையும் அனுப்பச் சொல்கிறான். ஜான் ஆரின் அரசனுக்குச் சத்தியம் செய்தவர். பிள்ளைகளைக் காப்பதாகவும் பொறுப்பேற்றவர். அவர் தலைகளை அனுப்பவில்லை, படையைத் திரட்டினார். விலைக் கட்டத்தில் என்ன எழுதுவது? அவருடைய வாரிசாக இருந்த உடன்பிறந்தவரின் மகன் எல்பர்ட் ஏற்கெனவே அரசனால் கொல்லப்பட்டிருந்தார். அடுத்த வாரிசு டெனிஸ் அந்தப் போரிலேயே விழுந்தார். டல்லி வீட்டுப் படையைச் சேர்த்துக்கொள்ள, மகள் வயதில் இருந்த லைசாவை முதுமையில் மணந்தார். இத்தனையும் ஒரே கட்டத்தில் அடங்கவில்லை. ஓரத்தில் தாள் ஒட்டியிருக்கிறோம். அவர் அந்தப் பையன்களிடம் "உங்களை நேசிக்கிறேன்" என்று சொல்லும் காட்சியைத் தேடாதீர்கள். தேவையே இல்லை.

இதே வீட்டின் மறுபக்கமும் பதிவாகியுள்ளது. ஜான் ஆரின் தன் சொந்த மகனை டிராகன்ஸ்டோனுக்கு, ராபர்ட்டின் தம்பி ஸ்டானிஸிடம் வளர்ப்புக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறார். பிள்ளையைப் பிரிய மனமில்லாத லைசாவைப் பெட்டைர் பேலிஷ் தூண்டிவிட, அவள் கணவனின் திராட்சை மதுவில் நஞ்சு கலக்கிறாள். வளர்ப்பு வழக்கத்தால் எழுந்த மனிதர் வளர்ப்பு வழக்கத்தாலேயே சாகிறார். அந்தப் பேலிஷும் டல்லி வீட்டில் வளர்ப்புக்கு வந்த பையன்தான். சிறிய வீட்டுப் பிள்ளை, பெரிய வீட்டு மகள்மேல் ஆசைப்பட்டான், சண்டையில் தோற்றான், திருப்பி அனுப்பப்பட்டான். வளர்த்த வீட்டின்மேல் அவனுக்கு மிஞ்சியது கணக்குத் தீர்க்கும் எண்ணம் மட்டுமே. நஞ்சு விவரம் மூன்றாம் நாவலின் கடைப்பகுதியில் வருகிறது. நம் நூலகத்தின் மூன்றாம் நாவல் ஓர் உறுப்பினர் வீட்டில் இருக்கிறது. நினைவூட்டல் கடிதம் போயிருக்கிறது. மேற்கொண்டு சொல்ல விரும்பவில்லை.

தியான் கிரேஜாய் பதிவில் காரணம் பணயம். தகப்பன் பேலன் கலகம் செய்து தோற்றதும், மிஞ்சிய ஒரே மகனை எடார்ட் ஸ்டார்க் தன் கோட்டையான விண்டர்ஃபெல்லுக்குக் கொண்டுபோகிறார். பேலன் மறுபடி எழுந்தால் பையன் தலை போகும். முதல் நாவலின் தொடக்கத்தில் ஒரு மரண தண்டனைக் காட்சி உண்டு. எடார்டின் பெரிய வாளைக் கொண்டுவந்து கொடுப்பது தியான். நாளைக்குத் தன் கழுத்தில் இறங்கக்கூடிய வாள் அது. அந்த வீட்டில் அவன் நிலை என்ன என்பதை மார்ட்டின் ஒரு வரியில் முடித்துவிடுகிறார். சோறு போட்டார்கள், வில் கற்பித்தார்கள், சொந்தப் பிள்ளைகளோடு ஓடியாடவிட்டார்கள். ஆனாலும் எடார்ட் கொஞ்சம் தள்ளியே இருந்தார். வெட்ட வேண்டிவரலாம் என்கிற பையனை நெருங்க முடியுமா? பிறகு எடார்டின் மகன் ராப், தாய் கேட்லின் வேண்டாமென்று சொல்லியும் அவனைத் தகப்பனிடம் தூது அனுப்புகிறான். பேலன் மகன் கழுத்திலிருந்த தங்கச் சங்கிலியைப் பார்த்து, இரும்பு கொடுத்து, அதாவது எதிரியைக் கொன்று, எடுத்ததா, பொன் கொடுத்து வாங்கியதா என்கிறார். பிறந்த வீட்டில் அந்நியன் என்று ஆனபிறகுதான் அவன் விண்டர்ஃபெல்லைப் பிடிக்கக் கிளம்புகிறான். எடார்டின் எட்டாம் கட்டம் இங்கே காலி. உறுப்பினர்கள் பலர் தியானின் இந்தச் செயலை "துரோகம்" என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தார்கள். அது நம் கட்டங்கள் எதிலும் வராது.

டோல்கீனில், சாவில்லாத எல்ஃப் இனத்துத் தலைவர் எல்ராண்டின் பதிவு வேறு வகை, ஒளிப்பு. அரகோர்னுக்கு இரண்டு வயதில் தகப்பன் இறக்க, தாய் கில்ரைன் அவனை எல்ராண்டின் இடமான ரிவெண்டெல்லுக்குக் கொண்டுவருகிறாள். எதிரி தேடும் வம்சம் என்பதால் பெயரையே மாற்றி எஸ்டெல் என்று வளர்க்கிறார்கள். இருபதாம் வயதில் எல்ராண்ட் உண்மையைச் சொல்லி, குலத்தின் மோதிரத்தையும் முறிந்த வாளின் துண்டுகளையும் தருகிறார். செங்கோலை மட்டும் தரவில்லை, அதைச் சம்பாதிக்க வேண்டும் என்கிறார். மறுநாளே அவன் எல்ராண்டின் மகள் ஆர்வெனைப் பார்த்துவிடுகிறான். முன்னோரின் இரு நாடுகளுக்கும் அரசனானால் ஒழிய மகளைத் தரமாட்டேன் என்கிறார் வளர்த்தவர். பலர் இதைக் கறாரான மாமனாரின் பேச்சாக வாசிக்கிறார்கள். மகள் மனிதனை மணந்தால் சாவை ஏற்கிறாள், தகப்பனை என்றைக்குமாகப் பிரிகிறாள். வளர்த்த மகன் வெல்லும் நாளில்தான் பெற்ற மகளை இழப்பார். அப்படியிருந்தும் அவன் வெல்வதற்கு எல்லா உதவியும் செய்கிறார். பதிவேட்டிலேயே மிக உயர்ந்த விலை இதுதான் என்பது என் கருத்து. செயற்குழுவின் கருத்தல்ல.

எல்ராண்டே வளர்ப்புப் பிள்ளை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவருடைய ஊரைத் தாக்கி அழித்தவர்களில் ஒருவரான மாக்லோர்தான் அவரையும் சகோதரர் எல்ரோஸையும் இரங்கி எடுத்து வளர்த்தது. அங்கே அன்பும் வளர்ந்தது. காரணக் கட்டத்தில் பணயமா, அடைக்கலமா என்ற விவாதம் ஒரு முழுக் கூட்டத்தை விழுங்கியது. அடைக்கலம், பக்கத்தில் புள்ளி என்று முடிவானது.

அடைக்கலம் கெட்டுப்போவதற்கு எடுத்துக்காட்டு டோல்கீனின் தூரின். எட்டு வயதில் எல்ஃப்களின் நாடான டோரியாத்துக்கு வருகிறான். அரசன் திங்கோல் மடியில் வைத்து வளர்க்கிறார். குறை அரசனிடம் இல்லை, அரண்மனையில் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் சேரோஸ் அவன் நாட்டுப் பெண்களை இழிவாகப் பேச, தூரின் கிண்ணத்தை எறிகிறான். மறுநாள் மோதலில் சேரோஸ் பள்ளத்தில் விழுந்து சாகிறான். திங்கோல் விசாரித்து மன்னித்துவிட்டார். பிள்ளை அதற்கு முன்பே ஓடிவிட்டான், அழைத்தும் வரவில்லை. வளர்த்தவர் மட்டும் ஏற்றுக்கொண்டால் போதாது, பந்தியில் பக்கத்து இலைக்காரனும் ஏற்க வேண்டும்.

ராபின் ஹாப்பின் புர்ரிச் பதிவும் முடிந்தது. அவர் பிரபு அல்ல, இளவரசன் சிவல்ரியின் லாயத் தலைவர். எஜமானின் முறைதவறிப் பிறந்த மகன் ஃபிட்ஸை ஆறு வயதில் பொறுப்பேற்கிறார். எஜமான விசுவாசத்தில் தொடங்கியது எந்த இடத்தில் பாசமாகிறது என்று கோடு போட முடியாததே அந்தப் பதிவின் சிறப்பு.

கர்ணனையும் அதிரதனையும் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டவர்களுக்கு: அங்கே ஒரு வீடு இன்னொரு வீட்டிடம் பிள்ளையைக் கொடுக்கவில்லை, ஆற்றில் விட்டது. தனிப் பதிவேடு போட ஆள் முன்வந்தால் நோட்டு வட்டத்தின் செலவில் வாங்கித் தரப்படும். இதுவரை யாரும் வரவில்லை.

இனி போட்டி. வந்த கதைகளில் பெரும்பாலானவற்றில் இதே கருதான். பதிவேட்டைப் புரட்டியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய கோளாறுகள். பிள்ளை கைக்குழந்தையாக வருகிறது, பழைய வீடு நினைவில் இல்லை, ஆகவே இழுபறி இல்லை. ஒளிப்புக் கதை என்றால் குழந்தையாக வரலாம், அப்போது உண்மையைச் சொல்லும் நாளைக் கதையின் நடுவில் வைக்க வேண்டும். மற்றபடி ஏழு முதல் பத்து வயது சரி: தாயின் முகம் நினைவிருக்கும், புது வீட்டின் பேச்சும் ஒட்டிக்கொள்ளும். அடுத்தது, பெற்ற தகப்பனை அரக்கனாக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பிள்ளை எதைத் தேர்வான் என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பேலன்கூட இரண்டு மகன்களைப் போரில் பறிகொடுத்தவர். மூன்றாவது, வளர்த்த வீட்டில் சொந்தப் பிள்ளைகளே இல்லை. ஆர்தர் கதையில் அவனை வளர்த்த எக்டரின் மனைவி ஆர்தருக்குப் பாலூட்ட, சொந்த மகன் கே வேறொருத்தியிடம் பால் குடிக்கிறான். 1485இல் அச்சான மாலரியின் நூலிலேயே இது இருக்கிறது. ஆர்தர் அரசன் என்று தெரிந்ததும் எக்டர் மண்டியிட்டுக் கேட்பதும் கே-க்கு ஒரு பதவியைத்தான். அந்தக் கடனை எழுதாமல் விட்டால் கதை மெலிந்துபோகிறது. கடைசியாக, சாகும்போது வளர்த்தவர் நீளமாகப் பேசுகிறார். நடுவர்கள் அந்தப் பத்திகளை அடித்துவிட்டுத்தான் மதிப்பெண் போட்டார்கள்.

பென்சில் விவகாரம். எடார்டின் முறைதவறிப் பிறந்த மகன் என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஜான் ஸ்னோவின் 'கொடுத்த வீடு' கட்டத்தில் யாரோ பேனாவால் எழுதிவைத்திருக்கிறார்கள். அவன் பெற்றோர் யார் என்று மார்ட்டின் கதையின் தொலைக்காட்சித் தொடர் 2016இல் சொன்னது நமக்கும் தெரியும். 2011 வரை வெளிவந்த ஐந்து நாவல்களில் அது உறுதிசெய்யப்படவில்லை. நம் வட்டம் வாசகர் வட்டம். அந்தக் கட்டத்தின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டுள்ளது.

வருகை பற்றி எழுத வேண்டாம் என்று தலைவர் ஐயா கேட்டுக்கொண்டார். ஆகவே சுருக்கமாக: டிராகன் பற்றிய கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை, பதிவேட்டுக் கூட்டங்களுக்கு நாற்காலிகள் மிஞ்சின. தியானின் விசுவாசத்தைக் குறைசொல்லி எழுதியவர்களின் பெயர்களும் சந்தா நிலுவைப் பட்டியலில் உள்ள பெயர்களும் கணிசமாக ஒத்துப்போவதைப் பொருளாளர் சுட்டிக்காட்டினார். நான் கருத்துச் சொல்லவில்லை.

வரவு செலவு: சந்தாவும் நன்கொடையும் வரவு. அரங்க வாடகை, தேநீர், நூல், அஞ்சல் செலவு. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றாலும் கடன் இல்லை. விரிவான கணக்கு பொருளாளரிடம் உள்ளது, கேட்டுப் பார்க்கலாம்.

அரங்கம் தந்தவர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும், போட்டி நடுவர்களுக்கும், செயற்குழுவினருக்கும் வட்டத்தின் நன்றி.

வரும் ஆண்டில் வால்டர் ஃப்ரேயின் பேரன்கள் இருவர் விண்டர்ஃபெல்லுக்கு வளர்ப்புக்குப் போன பதிவை முடிக்க வேண்டும். ஃப்ரேயின் ஆற்றுப்பாலத்தை ராப் ஸ்டார்க்கின் படை கடக்கப் போட்ட ஒப்பந்தத்தில் திருமணங்களோடு அதுவும் ஒரு நிபந்தனை. ஒப்பந்தம் முறிந்தபின் அந்தப் பையன்கள் எந்த வீட்டுக்குச் சொந்தம் என்ற கேள்வி நீண்ட வேலை, ஒருவரால் ஆகாது. செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்பதாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை, பதிவேட்டோடு சேர்த்தே ஒப்படைக்கத் தயார். யாரும் முன்வராவிட்டால் தொடர்வதைப் பற்றி யோசிக்கலாம், நிலுவை வசூலாகிற வேகத்தைப் பொறுத்து. சந்தாவை இன்று கூட்டம் முடிந்ததும் வாசலருகே உள்ள மேசையில் பொருளாளரிடம் கட்டலாம். மூன்றாம் நாவலையும் அங்கேயே திருப்பித் தரலாம், பெயர் கேட்கமாட்டோம்.

இப்படிக்கு,
செயலாளர்