ஆறு மாதச் சான்றிதழும் கனடா பி.ஆரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்த மகளுக்கு வெளிநாட்டில் ஏதாவது வழி உண்டா என்று கும்பகோணத்திலிருந்து ஒரு தாய் கேட்டதற்கு, ‘ஆறு மாதக் குழந்தை பராமரிப்புப் பயிற்சி முடித்தால் கனடா பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) எளிது’ என்று சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் பதில் சொல்லியிருந்தீர்கள். நான் கனடாவின் ஸ்கார்பரோவில் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்கிறேன். அந்தப் பதிலை நம்பி யாராவது நகையை அடகு வைத்துவிடப் போகிறார்களே என்ற பதற்றத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பதில் முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். 1992-இல் கனடா ‘லிவ்-இன் கேர்கிவர்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளிப் படிப்பும், ஆறு மாத முழுநேர வகுப்பறைப் பயிற்சி அல்லது ஒரு வருட வேலை அனுபவமும் இருந்து, கனடாவில் ஒரு குடும்பம் வேலைக்கு எடுத்துக்கொண்டால் போகலாம். அந்த வீட்டிலேயே தங்கி, குழந்தையையோ முதியவரையோ கவனித்து, இரண்டு வருட வேலையைக் கணக்குக் காட்டினால் பி.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். மணிலாவிலும் பஞ்சாபிலும் ஆயா பயிற்சிப் பள்ளிகள் முளைத்தது இந்த ஆறு மாத விதியால்தான். ஆனால் 2014 நவம்பரோடு அந்த வழியைப் புதியவர்களுக்கு அடைத்துவிட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் ஊரில் பேச்சு மட்டும் ஓயவில்லை.

அந்த வழியில் வந்தவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் பெண்கள். நர்ஸாகவும் ஆசிரியையாகவும் இருந்தவர்கள், தங்கள் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அடுத்தவர் பிள்ளைக்குச் சோறூட்டினார்கள். முதலாளி வீடே தங்குமிடம் என்பதால் வேலை எப்போது முடிகிறது என்பதே கிடையாது. ஹுவானா தெஹாதா என்ற பெண் விதித்த வேலையை முழுக்க முடித்து பி.ஆர். கேட்டபோது, மருத்துவப் பரிசோதனையில் புற்றுநோய் தெரிந்தது. அரசு மருத்துவத்துக்குப் பெரும் செலவாகிவிடும் என்று மறுத்துவிட்டார்கள். போராடி 2008-இல் பி.ஆர். வாங்கினார், மறு வருடம் இறந்துபோனார். பி.ஆர். கேட்கும்போது மறுபடியும் இரண்டாவது மருத்துவப் பரிசோதனை என்ற விதி 2010-இல் நீங்கியதற்கு அவர்தான் காரணம். ‘எளிது’ என்று எழுதுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு 2019 ஜூனில் ஒரு சோதனைத் திட்டம் வந்தது. முதலாளி வீட்டில் தங்க வேண்டாம், குடும்பத்தையும் கூட்டி வரலாம் என்பது நல்ல மாற்றம். ஆனால் பள்ளிப் படிப்புக்கு மேல் ஒரு வருடமாவது படித்திருக்க வேண்டும் என்றார்கள். அது 2024 ஜூனில் முடிந்தது. 2025 மார்ச் 31-ஆம் தேதி அடுத்த திட்டம் திறந்தது. இதில் பள்ளிப் படிப்பு போதும், ஆங்கிலத்திலும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் நான்கையொட்டி எடுத்தால் போதும், அனுபவம் இல்லாவிட்டால் ஆறு மாதப் பயிற்சி இருந்தாலும் சரி என்றார்கள். பழைய ‘ஆறு மாதம்’ திரும்பி வந்ததும் விளம்பரக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

அவர்கள் சொல்லாமல் விடுவது இதுதான். கனடா முதலாளி ஒருவரின் முழுநேர வேலைக் கடிதம் கையில் இல்லாமல் விண்ணப்பமே போட முடியவில்லை. கியூபெக் மாகாண வேலை கணக்கில் வரவில்லை. குழந்தை பராமரிப்புக்கு ஒதுக்கிய இடம் உலகம் முழுமைக்கும் சேர்த்து 2,750. திறந்த அன்று ஏற்கெனவே கனடாவில் வேலை செய்துகொண்டிருந்தவர்களின் விண்ணப்பங்களைத்தான் வாங்கினார்கள், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான பிரிவைத் திறக்கவேயில்லை. குழந்தை பராமரிப்புக்கான இடங்கள் அன்றைக்கே நிரம்பிவிட்டன. கும்பகோணத்தில் சான்றிதழோடு உட்கார்ந்திருக்கும் பெண் இதில் எந்த வரிசையில் நிற்பாள்?

மன்னார்குடியில் இருக்கும் என் சித்தி மகளும் இப்படி ஒரு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “அக்கா, சேரலாமா?” என்று கேட்டாள். மேலே மேப்பிள் இலை, நடுவில் காப்பகத்தில் சிரிக்கும் குழந்தைகள், ‘நூறு சதவீதம் பி.ஆர்.’ என்று சிவப்பு எழுத்து. பெரிதாக்கிப் பார்த்தால் அடியில் எறும்பு எழுத்தில், ‘விசாவுக்கும் வேலைவாய்ப்புக்கும் நிறுவனம் பொறுப்பல்ல’. மூன்றரை லட்சம் கேட்டிருக்கிறார்கள். ரசீது பயிற்சிக் கட்டணத்துக்கு மட்டுமாம், மிச்சம் ‘ஃபைல் சார்ஜ்’ என்று ரொக்கமாகத் தர வேண்டுமாம். படத்திலும் ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. 2025 திட்டம் வீட்டில் வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கானது. காப்பக வேலை அதில் சேரவில்லை. நான் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் என்னைப் போலப் பதிவுபெற்ற காப்பக ஆசிரியையாக வேண்டுமென்றால் இரண்டு வருட டிப்ளமோ படித்து, அதற்கென உள்ள தொழில் ஒழுங்குமுறை மன்றத்தில் பதிய வேண்டும். திறன் பெற்ற தொழிலாளர்களுக்கான பி.ஆர். வழியான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், காப்பக ஆசிரியைகளும் அடங்கும் கல்வித் துறைப் பிரிவு 2025 பிப்ரவரியில் வந்தது, அதற்கும் ஆறு மாத ஆயா பயிற்சிக்கும் சம்பந்தமில்லை.

பயிற்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதை ஊரில் ஒவ்வொரு தாயும் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் பொம்மையை வைத்துப் பழகுவது வேறு. இங்கே இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒரு ஆள் என்பது விதி. ஜனவரியில் வெளியே விளையாட அழைத்துப்போக பனி உடுப்பு, பூட்ஸ், கையுறை, தொப்பி என்று ஒவ்வொன்றாக மாட்டிவிட வேண்டும். ஐந்தாவது பிள்ளைக்கு ஜிப் போடும்போது முதல் பிள்ளை பூட்ஸைக் கழற்றி எறிந்திருக்கும், மூன்றாவது ‘பாத்ரூம்’ என்று நிற்கும். விசாவுக்காக மட்டும் வந்தவருக்கு இதில் பொறுமை எங்கிருந்து வரும்? அந்தக் கோபம் குழந்தை மேல்தான் இறங்கும்.

இன்னொன்று. வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் வேலை தேடிக் கொடுத்ததற்குக் கட்டணம் வாங்குவதையும், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதையும் ஒன்டாரியோ 2009-இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நம் நாட்டிலும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், 1983-ஆம் வருட எமிக்ரேஷன் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். சேவைக் கட்டணம் ஜிஎஸ்டி தவிர 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. பதிவு உண்டா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம், சென்னையில் இதற்கென அலுவலகமும் இருக்கிறது. ‘நாங்கள் ஏஜென்ட் இல்லை, பயிற்சி மையம்தான்’ என்று இவர்கள் நழுவுவது இந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் என்பது என் எண்ணம்.

அந்தத் தாய்க்கு அடுத்த இதழிலேயே திருத்திய பதிலைப் போடுங்கள், சின்ன எழுத்தில் வேண்டாம். அதே இதழின் பின்னட்டை உள்பக்கத்தில் இதே போன்ற பயிற்சி மையத்தின் முழுப்பக்க விளம்பரமும் வந்திருக்கிறது. இனி இத்தகைய விளம்பரம் வந்தால் ஏஜென்ட் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். எண் தர மறுத்தால் விளம்பரத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
ஸ்கார்பரோ, கனடா