பழைய கருவியைத் தேய்த்துவிட்டுக் கொண்டுவராதீர்கள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் சாணைக் கடைக்கு வரும் எல்லோருக்கும் வணக்கம். உளிக்குச் சாணை என்றால் அன்றைக்கே தருகிறீர்கள், பழைய இழைப்புளியைப் பளபளப்பாக்கச் சொன்னால் மட்டும் ஏன் இழுத்தடிக்கிறீர்கள் என்று இரண்டு மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள், அதற்குத்தான் இந்த மடல்.

போன மாதம் ராயக்கோட்டையிலிருந்து ஓர் அண்ணன் விற்பதற்காக ஓர் இழைப்புளி கொண்டுவந்தார். வழக்கமான தட்டை அடி இல்லை. அடியில் மெல்லிய எஃகுத் தகடு, மேலே உள்ள திருகைச் சுற்றினால் அது உள்ளேயோ வெளியேயோ வில் மாதிரி வளையும். வளைவான கதவு நிலை, நாற்காலி முதுகு இதெல்லாம் இழைக்க. பக்கவாட்டில் ஆங்கிலத்தில் கே, எம் என்று இரண்டு எழுத்து. 150 வருஷத்து வெள்ளைக்காரக் கம்பெனி என்று யாரோ சொல்லிவிட, அவரும் உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்தே கொண்டுவந்தார்!

அந்த எழுத்துகளைப் பார்த்ததுமே எங்களுக்குச் சந்தேகம். கே நேராக நிற்கிறது, எம் சாய்ந்து ஆழமாக இறங்கியிருக்கிறது. கம்பெனி முத்திரை பெரும்பாலும் ஒரே அச்சில், ஒரே ஆழத்தில் விழும். எழுத்து எழுத்தாகச் சுத்தியலால் அடித்திருந்தால் அது சொந்தக்காரர் போட்ட அடையாளம். கேட்டால், அவருடைய தாத்தாவின் இனிஷியலும் பெயரின் முதல் எழுத்தும் அதேதான். மரத்தைச் சீவும் அலகைப் பார்த்தும் பயனில்லை, தேய்ந்த அலகை மாற்றுவது சாதாரணம், இதில் இருந்தது லாரியின் வில்பட்டையில் உள்ளூர்க் கொல்லர் அடித்தது.

சரி என்று முழுவதும் கழற்றினோம். உப்புத்தாள் எட்டாத ஒரு மூலையில், கெட்டிப்பட்ட கிரீஸுக்கு அடியில், கொஞ்சம் நீல வர்ணம், 020 என்ற எண். அப்போதுதான் பிடிபட்டது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் சி. அண்ட் ஜே. ஹாம்ப்டன் கம்பெனி 1931 முதல் ‘ரெக்கார்ட்’ என்ற பெயரில் நீல வர்ண இழைப்புளிகள் செய்தது. அமெரிக்காவின் ஸ்டான்லி கம்பெனி எண்களுக்கு முன்னால் ஒரு சுழியம் சேர்த்தே எண் வைத்தார்கள். ஸ்டான்லி 4 என்றால் இவர்களுடையது 04, 20 என்றால் 020. ஆக, 150 வருஷம் என்பது சும்மா பேச்சு, நூறு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வர்ணம் முழுதாக இருந்திருந்தால் நல்ல விலை சொல்லியிருப்போம். அவரோ தாத்தா எழுத்து என்று தெரிந்ததும், விற்கவில்லை, அலகுக்குச் சாணை மட்டும் பிடித்துக் கொடுங்கள் என்று வாங்கிப் போய்விட்டார். எங்களுக்கு வந்தது சாணைக் கூலிதான்.

தேய்த்தால் இப்படி அடையாளமும் வர்ணமும் போய்விடும், முதலில் அதைப் பார்க்கத்தான் பாலிஷ் வேலையை இழுத்தடிக்கிறோம். அதனால் கம்பி பிரஷ், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், மங்கிய எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். தெரியாவிட்டால் சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள், பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். அப்புறம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்ல காசு வாங்குவதில்லை. அதன் பிறகும் பாலிஷ்தான் வேண்டும் என்றால் இரண்டு நாள் டைம் கொடுங்கள், போட்டுத் தருகிறோம்.