சுங்கை சிப்புட் சாரணர் படைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களே, பாட்டி தாத்தாமார்களே, கடைக்கார அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம்.

சென்ற சனிக்கிழமை நம் பிள்ளைகள் திடலில் லாட வடிவில் நின்று கொடியேற்றினார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு 24 பேரும் ஒரே மண்ணில் நின்ற முதல் நாள் அது. அங்கேயே மைக்கைப் பிடித்து நன்றி சொல்லத்தான் நினைத்திருந்தேன். கொடி ஏறி முடிப்பதற்குள் மழை கொட்டிவிட்டது, எல்லாரும் கொட்டகைக்கு ஓடினோம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ அவர்களில் பாதிப்பேர் அங்கு இல்லை. தாங்கள் ஒரு சாரணர் படையைக் காப்பாற்றினோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

கொரோனாவால் 2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியா முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. இரண்டு வாரம் நாங்கள் எதுவும் செய்யவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் உலகச் சாரணர்கள் இணையத்தில் கூடும் ஜோத்தி ஜம்போரியைச் சிறப்புப் பதிப்பாக நடத்தினார்கள். வழக்கமாக அது அக்டோபரில் வருவது. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகளுக்காக முன்கூட்டியே வைத்தார்கள். ஓர் இரவு என் கைப்பேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எந்தெந்த நாட்டிலோ இருக்கும் பிள்ளைகள் சாரணர் வணக்கமாக மூன்று விரலை உயர்த்திக் காட்டினார்கள். நம் பிள்ளைகளுக்கும் இது முடியும் என்று அப்போது தோன்றியது.

முதல் இயங்கலை (ஆன்லைன்) கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். நான் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினேன், அவர்கள் கேட்டார்கள். அதைச் சாரணர் கூட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒன்பது பேரில் ஒரு பையன் கேமராவை மூடியே வைத்திருந்தான். "முகத்தைக் காட்டாதவன் சாரணனா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவன் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

மூன்றாவது வாரம் அவனுடைய அம்மா அழைத்தார். மலாயில் ஆசிரியரைச் "சிக்கு" என்போம், என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "சிக்கு, அவன் வேணும்னு மூடல. எங்க வூட்ல ஒரே ஹாலு. பின்னால அவன் தாத்தா படுக்கையில இருக்காரு. அந்த நேரத்துலதான் நான் வேலை முடிஞ்சு வந்து அவருக்குத் தொடச்சு விடுவேன். அத எப்படிக் காட்டுவான்?" என்றார்.

அம்மா, என் முதல் நன்றி உங்களுக்குத்தான். என்மீது கோபப்பட உங்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, விஷயத்தை எனக்குப் புரியவைத்தீர்கள். அன்றிரவே உங்கள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்த மடலிலும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்திலிருந்து எங்கள் விதி மாறியது: முகம் வேண்டாம், கை போதும். கேமராவைக் கீழே திருப்பி மேசையையோ பாயையோ காட்டினால் போதும். அந்த வாரம் 17 பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் 22.

கையை மட்டும் காட்டச் சொன்னதில் நான் எதிர்பார்க்காத இன்னொரு பலனும் கிடைத்தது. முடிச்சுப் பாடத்தில் பிள்ளைகள் தொடர்ந்து தவறு செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு கயிற்று நுனிகளை இணைக்கும் புக்கு சீலா முடிச்சுக்கு வலது இடதின்மேல், பிறகு இடது வலதின்மேல் வர வேண்டும். நான் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து கட்டினால் என் வலது கை அவர்களுடைய இடப்பக்கம் தெரியும். அவர்கள் தங்கள் படத்தைப் பார்த்தாலோ அது கண்ணாடிபோலத் திரும்பித் தெரியும். இரண்டையும் மாறி மாறிப் பார்த்த பிள்ளை என்ன செய்யும்? இழுத்தால் நழுவும் பாட்டி முடிச்சுத்தான் விழுந்தது. கைப்பேசியை என் தோளுக்கு மேலே, துணி காயப்போடும் கம்பியில் தொங்கவிட்டுக் கீழ்நோக்கிக் காட்டினேன். என் கைகள் அவர்களுடைய கைகள் வரும் பக்கத்திலிருந்தே வந்தன. அன்றே முடிச்சு சரியாக விழுந்தது. இயங்கலையில் கைவேலை சொல்லித்தரும் எந்த ஆசிரியருக்கும் இதை நான் சொல்லுவேன்: எதிரே உட்காராதீர்கள், பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள்.

அந்தக் கயிறு எங்கிருந்து வந்தது? டவுனில் இருக்கும் ஹார்ட்வேர் கடை அண்ணனிடமிருந்து. தலைக்கு இரண்டு துண்டு வேண்டும், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) எழுதிக் கேட்டிருந்தேன். மொத்தம் 72 மீட்டர். நைலான் கயிற்றை வெட்டினால் நுனி பிரிந்து நார் நாராகிவிடும். அண்ணன் 48 துண்டுகளின் 96 நுனிகளையும் லைட்டரால் உருக்கி, விரலால் உருட்டி வைத்திருந்தார். நான் அதைக் கேட்கவே இல்லை. வாங்கப் போனபோது அவருடைய கட்டைவிரலில் கொப்புளம் இருந்தது. பணத்தை நீட்டினேன். "போங்க சிக்கு, நானும் சின்னதுல சாரணர்தான்" என்று கல்லாவை மூடிவிட்டார்.

அவற்றைத் தோட்டங்களுக்குக் கொண்டு சேர்த்தவர் மீன்கார அண்ணன். அந்த நாள்களில் லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளின்) வாசல்வரை போன வண்டிகளில் அவருடைய வேனும் ஒன்று. ஐஸ் பெட்டிக்கு மேலே பிளாஸ்டிக் பையில் 24 பொட்டலம். ஒவ்வொன்றிலும் கயிறு, முக்கோணத் துணி, ஒரு பென்சில். சில பொட்டலங்களில் கெம்போங் மீன் வாசனை ஒரு வாரம்வரை இருந்தது என்று பிள்ளைகள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அண்ணே, ஒரு பொட்டலம்கூட வழிதவறவில்லை.

இப்போது பாட்டிக்கு வருகிறேன். கயிற்றைக் கம்பத்தில் கட்டும், சிம்புல் மானுக் என்று நாங்கள் மலாயில் சொல்லும் முடிச்சைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையின் திரைக்குள் சுருக்கம் விழுந்த ஒரு கை நுழைந்தது. கயிற்றை வாங்கி ஜன்னல் கம்பியில் ஒரே கையால் இரண்டு சுற்று போட்டு இறுக்கியது. "இதுவா? இது மாட்டுக் கட்டுடா" என்றது குரல். நான் என் பாடத்தை நிறுத்திவிட்டேன். பாட்டி, நீங்கள் அன்றைக்கு அரை மணி நேரம் பேசினீர்கள். மாடு முளையைச் சுற்றிச் சுற்றி வந்தால் இந்தக் கட்டு இளகி உருவிக்கொள்ளும், அதனால் மேலே இன்னொரு சுருக்குப் போட வேண்டும் என்றீர்கள். நான் படித்த கையேட்டில் அதைப் படித்த நினைவு எனக்கு இல்லை. உங்கள் பேரன் அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. "எங்க பாட்டி சொல்லிக்கொடுத்த கட்டு" என்று அவன் மற்றவர்களுக்குக் காட்டும் குரலை நீங்கள் ஒருமுறை கேட்க வேண்டும்.

நேரம் பெரிய சிக்கலாக இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தினமும் 1 ஜிபி இலவசமாகக் கொடுத்தன. ஆனால் அது காலை 8 முதல் மாலை 6 மணிவரைதான். அப்பாவின் கைப்பேசி அப்பாவோடு செம்பனைக் காட்டுக்குப் போய்விடும். அவர் திரும்பி, குளித்து, தேத்தண்ணி குடித்து, கைப்பேசி பிள்ளையின் கைக்கு வர நாலரை ஆகிவிடும். அதனால் நாலரைக்குத் தொடங்கி ஆறுக்குள் முடிப்போம். இலவச ஸூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். முதலில் அதை நினைத்து வருந்தினோம். பிறகு அதையே ஏற்பாடாக்கிக்கொண்டோம்: 40 நிமிடம் திரையில், 15 நிமிடம் வெளியே போய்ச் செய்துவிட்டு வருவது, மறுபடி திரையில் காட்டுவது. பின்கட்டிலிருந்து மூன்று வகை இலை கொண்டு வா, வாசலில் நின்று எத்தனை பறவைக்குரல் கேட்கிறது என்று எண்ணி வா. சொல்லப்போனால் அந்த 15 நிமிடம்தான் சாரணர் கூட்டம்.

காட்டிலிருந்து களைத்து வந்து, கைப்பேசியைத் துடைத்துப் பிள்ளையிடம் நீட்டிய அப்பாமார்களே, உங்களுக்கு வந்த அழைப்புகளை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வைத்தீர்கள். நன்றி. கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டு அக்கா, உங்கள் ரூட்டரை ஹாலிலிருந்து எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்து, கடவுச்சொல்லைப் பக்கத்து லயத்து ஐந்து பிள்ளைகளுக்கும் கொடுத்தீர்கள். சாரல் அடித்த நாள்களில் அதற்குமேல் குடை பிடித்து வைத்தீர்களாம், பிள்ளைகள் சொன்னார்கள்.

டாப்-அப் நிதிக்கு வாரம் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) போட்டவர்களுக்கும் நன்றி. அந்த உண்டியலை ஆரம்பித்த தாத்தா, "இது துன் சம்பந்தன் பொறந்த ஊரு சிக்கு, நாலு பேரு காசு போட்டாத்தான் ஒண்ணு நிக்கும்னு எங்களுக்குத் தெரியும்" என்றார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில் 1960-இல் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்ததை அவர் கண்ணால் பார்த்தவர்.

அம்மாமார்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடந்த முதல் முகாமிலேயே சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்துத்தான் நடத்தினார். சிறிய அணி, அதற்கு ஒரு பிள்ளையே தலைவர். அதை விட்டால் சாரணியம் வெறும் வகுப்பாகிவிடும். எனவே திரையிலும் நான்கு தனி அறை, அறைக்கு ஆறு பேர். ஆனால் இயங்கலையிலும் ஒரு பெரியவர் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இருவர் இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். அப்படியானால் நான்கு அறைக்கு எட்டுப் பெரியவர்கள். எங்களிடம் இருந்ததோ மூன்று பேர். மீதி ஐந்து இடத்தையும் நீங்கள் நிரப்பினீர்கள். ஓர் அம்மா ஒவ்வொரு வாரமும் நெத்திலியைக் கிள்ளிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை குறுக்கே பேச மாட்டார். பதினான்கு வயது அணித்தலைவி தடுமாறும்போதுகூட எடுத்துக்கொடுக்காமல் காத்திருப்பார். அப்படிக் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். நானே பலமுறை தோற்றிருக்கிறேன்.

புள்ளியும் கோடுமாக விளக்கொளியில் செய்தி அனுப்பும் மோர்ஸ் பாடம் திரையில் சரியாக வரவில்லை. புள்ளியைப்போல மூன்று மடங்கு நேரம் கோடு நீள வேண்டும். படம் சிக்கிச் சிக்கி வந்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரவு ஏழரைக்கு அவரவர் வாசற்படியில் நின்றுகொண்டு, எதிர் லயத்துக்கு டார்ச் விளக்கால் பேசினார்கள். அந்த அரை மணி நேரம் வாசல் விளக்குகளை அணைத்து வைத்த 30 வீட்டுக்காரர்களுக்கும் நன்றி. முதல் நாள் ஒரு பையன் பத்து நிமிடம் எடுத்து அனுப்பிய செய்தி "சாப்பிட்டியா" என்பதுதான். எதிர்வாசலிலிருந்து பதில் வந்ததும் லயமே கைதட்டியது.

அக்டோபர் ஜம்போரிக்கு மடிக்கணினி கொடுத்த பல்கலைக்கழக மாணவி தங்கைக்கும், பிள்ளைகளின் படங்களை வெளியே பகிராதீர்கள் என்று கேட்டபோது மறுபேச்சின்றி ஒத்துக்கொண்ட எல்லாக் குடும்பங்களுக்கும் நன்றி.

முதல் கூட்டத்தில் கேமராவை மூடி வைத்திருந்த அந்தப் பையனுடைய தாத்தா சென்ற ஆண்டு காலமானார். சனிக்கிழமை கொடிக்கயிற்றைக் கம்பத்தில் கட்டியது அவன்தான். சுற்றிக் கட்டிவிட்டு, மேலே இன்னொரு சுருக்குப் போட்டான்.

பாட்டி, வருகிற 14-ஆம் தேதி பிள்ளைகள் திடலில் கூடாரம் போடுகிறார்கள். நாலு மணிக்கு மீன்கார அண்ணனின் வேன் உங்கள் வாசலுக்கு வரும், கழுவித்தான் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஹார்ட்வேர் கடை அண்ணனும் வருகிறார். கயிறு நாங்களே கொண்டு வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் சிக்கு