கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை நாலு வரியில் முடித்துவிட்டுக் கெண்டைக்கால் வலிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். உனக்கு ஓட்டப் பைத்தியம் நன்றாகவே பிடித்துவிட்டது, சந்தோஷம். நான் சௌக்கியம். வாரக்கடைசியில் புதிதாக ஓட வருகிறவர்களோடு சேர்ந்து ஓடுவது மட்டும் இன்னும் தொடர்கிறது. வேகம் குறைந்துவிட்டது, பேச்சு கூடிவிட்டது.

சரி, உன் காலுக்கு வருவோம். வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று ஒரு இடத்தில் பிடித்தது, நடந்தே வீடு வந்தாய், மறுநாள் நுனிக்காலில் நின்றால் வலித்தது, கன்றிப்போகவில்லை. இதெல்லாம் சின்னத் தசைக்கிழிசல் போலத்தான் தெரிகிறது. நான் டாக்டர் இல்லை, இருந்தாலும் இப்படிப் பிடித்த கால்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். வழக்கமான உடம்புவலி இப்படி வராது. அது ஓடும்போது தெரியாமல், மறுநாள் இரண்டு காலிலும் பரவலாகத் தலைகாட்டி, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக அடங்கும். இறக்கத்தில் ஓடினால் அதிகம், ஏனென்றால் அங்கே தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. தியோடர் ஹஃப் என்பவர் 1902-லேயே இதற்குத் தசைக்குள் நடக்கும் நுண்ணிய சிதைவுதான் காரணம் என்று எழுதிவிட்டார். ஆனாலும் எல்லாரும் இன்னும் லாக்டிக் அமிலத்தையே திட்டுகிறார்கள். பாவம், அது ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. அடிபடாமலே கெண்டைக்கால் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால், முக்கியமாக நீண்ட பயணத்துக்குப் பிறகு, அது ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போ. குதிகாலுக்கு மேலே யாரோ உதைத்த மாதிரி இருந்து நுனிக்காலில் எழும்பவே முடியாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டியதுதான். எலும்பில் ஒரே புள்ளியைத் தொட்டால் வலிப்பது, ராத்திரி படுத்தாலும் வலிப்பது, இதையும் தசைவலிக் கணக்கில் சேர்க்காதே.

இந்த மாதிரிச் சின்ன அடிகளில் எனக்குக் காலைவிட மனிதர்களைப் பார்ப்பதுதான் சுவாரசியம். எங்கள் கூட்டத்தில் ஒருவர், வலி வந்தால் ஓடுவதற்கு முன் வலிமாத்திரை போட்டுக்கொள்வார். அவர்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். 160 கிலோமீட்டர் ஓடும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் பந்தயத்தில் டேவிட் நீமன் என்ற ஆய்வாளரின் குழு செய்த ஆய்வு ஒன்று 2006-ல் வந்தது. ஐபுபுரோஃபென் என்ற வலிமாத்திரை போட்டு ஓடியவர்களுக்கு வலி ஒன்றும் குறையவில்லை. ரத்தத்தில் அழற்சிக்கான அடையாளங்கள்தான் கூடுதலாக இருந்தன. இதை நம் மாத்திரைக்காரரிடம் சொன்னேன், தலையாட்டினார், அடுத்த வாரமும் போட்டுக்கொண்டு வந்தார். இன்னொரு பெண், லேசாகப் பிடித்ததும் வாரக்கணக்கில் காலைக் கீழே வைக்காமல் இருந்தாள். வலி போய்விட்டது என்று திரும்பி வந்த முதல் நாளே பழைய தூரம், பழைய வேகம். அதே இடத்தில் மறுபடி பிடித்தது. மூன்றாவது ரகம் கடைக்குப் போகிறவர்கள்: உறை, டேப், ரோலர், மசாஜ் துப்பாக்கி. கால் நடக்காவிட்டாலும் பெட்டி நிறைகிறது! வாட்ச்சில் தினமும் ஓடிய கணக்கின் தொடர்ச்சி அறுந்துவிடுமே என்று நொண்டிக்கொண்டு ஒரு கிலோமீட்டராவது ஓடுகிறவர்களைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், உன் கடிதத்தில் அந்த வாசனை அடிக்கிறது.

இவர்கள் யாரும் காலைக் கேட்டு முடிவெடுக்கவில்லை, பயத்தைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். ஓட்டம் போய்விடுமோ என்று ஒருவருக்குப் பயம், கால் போய்விடுமோ என்று இன்னொருவருக்கு.

ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற சூத்திரத்தை நம் பள்ளி நாளிலிருந்து கேட்கிறோம். 1978-ல் அதைப் பிரபலமாக்கிய அமெரிக்க டாக்டர் கேப் மர்கினே 2014-ல், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொன்னார். வலி மரத்துப்போக முதல் நாள் கொஞ்ச நேரம் ஐஸ் வைத்தால் தப்பில்லை, அதை வைத்தியமாக நினைக்காதே. எனக்கு இன்னும் பெரிதாகப் பட்டது 2017-ல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு. தொடையிலோ கெண்டையிலோ தசை கிழிந்த 50 விளையாட்டுக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அடிபட்ட 2 நாளில் பயிற்சி ஆரம்பித்தார்கள், மற்ற பாதிக்கு 9 நாள் கழித்து. முதல் பாதியினர் களத்துக்குத் திரும்ப நடுமதிப்பாக 62.5 நாள், மற்றவர்களுக்கு 83 நாள். ஒரு வாரம் சும்மா இருந்ததற்கு மூன்று வாரம் அபராதம். அவர்களுடையது உன்னுடையதைவிடப் பெரிய காயம், அதனால் நாள் கணக்கைப் பார்த்துப் பயப்படாதே. கிழிந்த இடத்தில் புதிதாக உருவாகும் இழைகள், பாரம் எந்தத் திசையில் விழுகிறதோ அந்தத் திசையில்தான் ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. பாரமே இல்லாவிட்டால் தழும்பு கோணல்மாணலாகத்தான் வரும்.

அதனால் ஓய்வு முதல் ஒன்றிரண்டு நாள் போதும். அப்புறம் நொண்டாமல் முடிகிற அளவுக்கு நட. நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தூக்கி இறக்கு. பிறகு நின்றுகொண்டு இரண்டு காலிலும், பிறகு ஒற்றைக்காலில். முழங்காலை நீட்டி வைத்தும் செய், மடக்கி வைத்தும் செய். கெண்டையில் மேலே ஒரு தசை, அடியில் ஒரு தசை. மடக்கினால் வேலை அடித்தசைக்குப் போகிறது, ஓட்டக்காரர்கள் கவனிக்காமல் விடுவது அதைத்தான். வலிக்குப் பத்துக்கு மார்க் போட்டால் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. அதைவிட முக்கியம் மறுநாள் காலை: படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் நேற்றைவிட வலி கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், பாதியாகக் குறை. நன்றாக இழுத்து நீட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் இப்போதைக்குக் கேட்காதே. ஓட்டத்தை ஒரு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பதில் ஆரம்பி, சமதரையில். வேகம் கடைசியில்தான்.

இத்தனை நாள் சேர்த்த தெம்பெல்லாம் போய்விடும் என்று புலம்பியிருக்கிறாய். போகாது. எட்வர்ட் காயில் என்ற ஆய்வாளர் 1984-ல் நன்கு பயிற்சி பெற்றவர்களையே முழுக்க நிறுத்திப் பார்த்தார். முதல் மூன்று வாரத்தில் ஆக்சிஜன் வாங்கும் திறன் 7 சதவீதம் குறைந்தது, அவ்வளவுதான். நீ சைக்கிள் மிதித்தால் அதுவும் பெரும்பாலும் தங்கும்.

ஓடும் தூரத்தை வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டியதால்தான் வலி வந்ததா என்று கேட்டாய். அந்த விதியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நெதர்லாந்தில் 2008-ல் புதிதாக ஓடுகிறவர்களில் ஒரு குழுவை 13 வாரம் மெதுவாகவும் இன்னொன்றை 8 வாரம் வழக்கமாகவும் ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டிலும் ஐந்தில் ஒருவருக்கு அடிபட்டது. எனக்கென்னவோ மேட்டில் ஓடிய அதே வாரத்தில் இன்டர்வலும் (கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் மெதுவாக என்று மாற்றி மாற்றி ஓடுவது) வைத்தாயே, அதன்மேல்தான் சந்தேகம்.

ஹாஃப் மாரத்தான் பதிவை இப்போதே ரத்து செய்யாதே, ஓடுவேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டும் திரியாதே. அந்தக் காலை மட்டும் வைத்து வலியில்லாமல் இருபது தடவை குதிக்க முடிகிற நாள் வரட்டும், முடிவை அன்றைக்கு எடு. இரண்டு வாரத்தில் ஒற்றைக்காலில் குதிகால் தூக்க முடியாவிட்டால் நல்ல பிசியோ ஒருவரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி