வைரம் பாய்ந்த புளியும் உன் புது ரம்பமும்

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே இளையவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்துவிட்டது. சனிக்கிழமை இரவு பஸ்ஸில் வந்து, ஞாயிறு முழுக்கத் தூங்கிவிட்டுப் போகிறாள். மழை இன்னும் ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

உன் புதுச் செயின் ரம்பத்துக்கு வருகிறேன். காற்றில் சாய்ந்த புளியை அறுக்கையில் புகைகிறது, கோணலாகப் போகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது என்று மூன்று புகாரையும் ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறாய். கடைக்காரர் மூன்றுக்கும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறாராம். பணத்தை எடுத்து நீட்டிவிடாதே. முருங்கையும் இலவமும் அறுக்கிறவரை ரம்பத்தின் குறை எதுவும் வெளியே தெரியாது. புளியின் வெளிப்பக்க வெள்ளை மரத்தைத் தாண்டி, நடுவில் இருக்கிற கெட்டியான வைரத்தில் பல் பட்டதும் எல்லாம் அம்பலமாகிவிடும்.

முதலில் கீழே கொட்டுகிற தூளை அள்ளிப் பார். பல் கூராக இருந்தால் செதில் செதிலாகச் சீவல் விழும். மாவாகக் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது. மழுங்கிய பல்லை நீ அமுக்க அமுக்கச் செயின் சூடேறி மரத்தைக் கருக்கும். நீ எழுதிய புகை சைலன்சரில் வருகிறதா, வெட்டுவாயில் வருகிறதா? வெட்டுவாய் என்றால் இன்ஜின்மேல் பழியே இல்லை.

கோணலுக்கும் பல்தான் காரணம். செயினில் பற்கள் இடம், வலம் என்று மாறி மாறி இருக்கும். இந்த அமைப்புக்குப் பின்னால் ஒரு புழு இருக்கிறது, தெரியுமா? அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, 1946-இல் ஒரு அடிக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். அது இடமும் வலமுமாக வாயை அசைத்துக் கெட்டி மரத்தை அனாயாசமாகத் தின்றுகொண்டிருந்தது. அந்த வாயைப் பார்த்துப் பல் வடிவமைத்து, மறு ஆண்டே செயின் விற்கத் தொடங்கிவிட்டார். இன்று நம் ஊர்க் கடைகளில் தொங்குகிற செயின்களும் அந்த வழியில் வந்தவைதான். ஆகவே ஒரு பக்கப் பல் மட்டும் குட்டையாகிவிட்டால், ரம்பம் கூர் மிகுந்த பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வலக்கைக்காரர்கள் அரம் போட்டால் ஒரு பக்கம் அழுந்தும், மறுபக்கம் தேயாது. குமரன்தானே அரம் போடுகிறான்? அவனிடம் இருப்பதிலேயே குட்டையான பல்லை அளவாக வைத்து மற்றவற்றையும் அந்த நீளத்துக்குக் கொண்டுவரச் சொல். அரத்தை முன்னே தள்ளும்போது மட்டும் தேய்க்க வேண்டும், திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். பிட்ச், அதாவது கண்ணி இடைவெளி, 0.325 அங்குலமுள்ள செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் வட்ட அரம். கோணம் பொதுவாக 30 பாகை; கெட்டி மரத்துக்கு 25 வைப்பவர்களும் உண்டு. பல்லுக்கு முன்னால் இருக்கிற மேட்டை, ஆழமாக வெட்டும் என்ற ஆசையில் ஒரேயடியாகத் தேய்த்துவிட வேண்டாம். பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். அதற்கும் கீழே இறங்கினால் வைரத்தில் சிக்கி உதறும், இன்ஜின் திணறும்.

செயினுக்கு எண்ணெய் வருகிறதா என்று சோதிக்க, செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடான பாரின் முனையை ஓர் அட்டைக்கு நேரே பிடித்து முடுக்கு. அட்டையில் கோடாக எண்ணெய் தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை என்றால் பாரின் துளையிலும் பள்ளத்திலும் தூள் அடைத்திருக்கும், சுரண்டி எடு. வண்டியில் வடித்த பழைய ஆயிலை ஊற்றுவது நம்மவர்கள் வழக்கம். அதில் இரும்புப் பொடி கலந்திருக்கிறது, வேண்டாம்.

நின்றுபோவதற்கு இத்தனை ஆராய்ச்சி தேவையில்லை. நின்றதும் பெட்ரோல் மூடியைத் தளர்த்து. புஸ்ஸென்று காற்று இழுத்து, பிறகு உடனே கிளம்பினால் டாங்கின் காற்றுத் துளை அடைப்பு. இல்லாவிட்டால் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார், பிளக்கைக் கழற்றிப் பார். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, காய்ந்திருந்தால் பெட்ரோல் எட்டவில்லை. பெட்ரோலையும் சந்தேகப்படு. இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். தீபாவளிக்குக் கலந்து வைத்த கேனை இன்னும் ஊற்றிக்கொண்டிருக்காதே. உன் கையேட்டில் 50:1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மில்லி டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குக் கலக்கிற ஆயில்), 25:1 என்றால் 40. கார்புரேட்டர் திருகாணியை யாரும் தொட வேண்டாம், கடைக்காரர் உட்பட.

எனக்கு உண்மையான கவலை வேறு. அந்தப் புளி எல்லைக் கோயிலுக்கு எதிரே நின்றதல்லவா? பேயோட்டி, உச்சி முடியை மரத்தில் வைத்து ஆணி அறைந்துவிட்டுப் போவார்கள். பட்டை அதை மூடி வளர்ந்துவிடும். மேலே ஒரு சுவடும் இருக்காது, உள்ளே நாலு அங்குல ஆணி கிடக்கும். பல் ஒருமுறை பட்டால் போதும், அரம் போட்ட அன்றே செயின் பாழ். அடிமரத்தில், ஆள் உயரம் வரை பட்டையைக் கோடரியால் செதுக்கிவிட்டு அறுங்கள். பட்டையில் ஒட்டிய மண்ணும் அதோடு போய்விடும். அறுத்த முகத்தில் கறுத்த கறை தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, ஒரு சாண் தள்ளி அறுக்கச் சொல்.

சாய்ந்த மரம் பாரைக் கவ்வும். அழுந்தி நிற்கிற பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு முதலில் அறுத்து, பிறகு இழுபட்டு நிற்கிற பக்கத்திலிருந்து வா. அடிக்கிற ஆப்பு மரத்தால் ஆனதாக இருக்கட்டும், இரும்பு கூடாது. பார் முனையின் மேற்பாதி மரத்தில் பட்டால் ரம்பம் முகத்துக்கே திரும்பும் என்பதைக் குமரனிடம் கண்டிப்பாகச் சொல். மரத்தைத் துண்டித்ததும் வேர்த்தூர் சட்டென்று நிமிரக்கூடும். அந்தக் குழிப் பக்கம் பிள்ளைகளை விடாதே.

பங்குனி உத்திரத்துக்கு வருகிறேன். வட்ட அரமும் பிளக் ஒன்றும் கையோடு கொண்டுவருகிறேன், அங்கே வாங்காதே. தூரை ஒட்டிய கட்டையைக் கேட்டுக் கசாப்புக் கடைக்காரர்கள் வருவார்கள், நல்ல விலையும் சொல்வார்கள். அதில் ஒரு சாண் கனத்தில் ஒரு துண்டு எனக்கு வேண்டும். பட்டறையில் அடிமணை பிளந்துபோய்விட்டது. தங்கைக்கும் குமரனுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் ராசு